மேற்குத் தூணும் ஏழு மில்லிமீற்றரும்

நடந்தவை, வரிசைப்படி:

1. யப்பானில் உள்ள ஹிமெஜிக் கோட்டையின் மர மாதிரி ஒன்று, இருபதில் ஒரு பங்கு அளவில், ஒரு கண்காட்சிக்காகப் பதினொரு பெட்டிகளாக மொன்றியல் துறைமுகத்தில் வந்து இறங்கியது.
2. ஏழாவது பெட்டி வழியில் எங்கோ இடிபட்டிருந்தது. கோட்டையின் நடுமாடத்தைத் தாங்கும் இரண்டு பெருந்தூண்களில் மேற்குத் தூண் அதற்குள் உடைந்து கிடந்தது.
3. அதைத் திருத்த வேண்டிய பட்டறையின் படவரைஞர் அதே கிழமை பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.
4. பெட்டிகளை ஏற்றிவந்த லொறியின் சாரதி யோகண்ணை. நான் அவருடைய வீட்டில்தான் ஓர் அறையில் இருந்தேன். எங்கள் வீட்டில் படம் கீறப் படித்த பிள்ளை ஒன்று உடுப்புத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறது என்று பட்டறையில் சொல்லிவிட்டு வந்தார்.
5. பட்டறையின் பொறுப்பாளர் மதாம் லுசியேர் எனக்கு ஐந்து நாள் தந்தார். வெள்ளிக்கிழமை தூண் சரியாக நின்றால் வரைபடப் பிரிவில் வேலை. நிற்காவிட்டால் திரும்பவும் பொத்தான்.
6. புதன்கிழமை தூண் ஏழு மில்லிமீற்றர் நீளமாக இருந்தது. பிழை என்னுடையது.

நான் ஹிமெஜிக்குப் போனதில்லை. ஆனால் அந்தக் கிழமை நான் பார்த்த இரண்டு ஊர்களில் அதுவும் ஒன்று. மற்றது மொன்றியலின் கிழக்கு முனை.

திங்கட்கிழமை

பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து துறைமுகப் பக்கம் போக மெற்றோவில் மூன்று கோடு மாற வேண்டும்: நீலம், செம்மஞ்சள், பச்சை. அதற்குப் பிறகு ஒரு பஸ். தாளில் எழுதிக்கொண்டுதான் புறப்பட்டேன். எழுதியதில் நிறம் இருந்தது, திசை இருக்கவில்லை. பச்சைக் கோட்டில் மேற்கே போகும் ரயிலில் ஏறி நாலு நிலையம் கடந்த பிறகு, பக்கத்தில் பூனைக் கூடையோடு இருந்த ஒரு மூதாட்டி என் தாளை எட்டிப் பார்த்தார். "மகளே, நீ போகிற இடம் உனக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது" என்று பிரெஞ்சில் சொன்னார். அவ்வளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும். எங்கள் திருகோணமலையில் மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறினால் இந்தக் கரைச்சல் இல்லை. அது போகிற இடம் ஒன்றுதான்.

பட்டறை, கொன்ரெய்னர்கள் அடுக்கியிருந்த ஒரு வெளிக்குப் பக்கத்தில் இருந்தது. பழைய செங்கல் கட்டடம். காற்றில் எங்கோ சீனி காய்ச்சும் மணம். தலைமைத் தச்சர் மார்செல் ஐம்பது கடந்தவர், காதில் பென்சில், பேச்சில் பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம்.

"நீதான் இஞ்சினியரா, மத்மோசெல்?"

"இல்லை. படவரைஞர்."

"நல்லது. இஞ்சினியர் என்றிருந்தால் வாசலோடு திருப்பியிருப்பேன்."

மாதிரி பாதி பூட்டிய நிலையில் நின்றது. உச்சி என் தலைக்கு மேலே ஒன்றரை முழம். பார்வையாளர்கள் உள்ளே பார்ப்பதற்காக மேற்குப் பக்கச் சுவரைக் கழற்றி வைக்கலாம். கிழக்குப் பாதி ஒட்டி மூடப்பட்டது. அதற்குள் நிற்கும் கிழக்குத் தூணை அளக்க வழியில்லை. ஆகவே எனக்குக் கிடைத்தது உடைந்த துண்டுகளும், ஒரு கட்டு வரைபடமும், ஒரு சின்ன ஆங்கிலக் கைநூலும். உதிரியாக அதே சைப்ரஸ் மரத்தில் ஒரே ஒரு சட்டம் பெட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டாவது சட்டம் இல்லை.

ஏழாவது பெட்டியில் இருந்ததை எழுதிவைத்தேன். துண்டு ஒன்று: அடிப்பாகம், நசுங்கியது. துண்டு இரண்டு: நடுப்பாகம், ஒரு முனையில் படிபோல வெட்டு, பழைய ஒட்டுவேலை, கணக்கில் எடுக்கத் தேவையில்லை. துண்டு மூன்று: மேற்பாகம், நீளவாக்கில் பிளந்தது. மிச்சம் சிராய்.

மதாம் லுசியேர் பின்னேரம் வந்து அந்தத் தாளை வாசித்தார். "சனிக்கிழமை திறப்பு விழா. யப்பானில் இருந்து இதைச் செய்த தச்சர் வியாழக்கிழமை வருகிறார். அவர் அழக்கூடாது" என்றார்.

செவ்வாய்க்கிழமை

மெற்றோவில் சரியான பக்கம் ஏறினேன். பஸ்ஸைத் தவறவிட்டேன்.

காலையில் அளவுகளை எடுத்தேன். வரைபடத்தில் இலக்கங்கள் எங்களுடைய இலக்கங்கள்தான். அலகு மட்டும் யப்பானிய எழுத்தில் இருந்தது. கைநூலின் பின்பக்கத்தில் சொல் விளக்கம் ஒரு பத்தி இருந்தது: 'ஷாகு: ஏறத்தாழ ஓர் அடி.' மார்செலிடம் காட்டினேன்.

"அடிதானே" என்றார். அரசாங்கம் அவரை மீற்றருக்கு மாற்றிப் பல ஆண்டுகள். அவருடைய இடுப்பில் தொங்கிய நாடாவில் இன்னும் அடியும் அங்குலமும்தான் முன்னால் இருந்தன.

அடி என்றால் எனக்கும் சந்தோஷம். தொழில்நுட்பக் கல்லூரியில் புத்தகம் மீற்றரில் இருந்தது, படிப்பித்த மாஸ்டர்மார் அடியில் இருந்தார்கள். பழைய அரச கட்டடங்களின் படங்களை அடியும் அங்குலமுமாகத்தான் படியெடுத்துப் பழகினேன். கணக்குப் போட்டு மில்லிமீற்றருக்கு மாற்றி, இருபதால் பிரித்து, தூணின் படத்தைக் கீறி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டு தடவை சரிபார்த்தேன். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை.

மார்செல் குடுவையில் பட்டாணி சூப் கொண்டுவந்திருந்தார். எனக்கு இடியப்பமும் சம்பலும். அவர் இடியப்பத்தைத் தூக்கிப் பார்த்து, "இதைப் பின்னியது யார்?" என்று கேட்டார். சம்பலை ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு வெளியே போய்ப் பனியில் கொஞ்ச நேரம் நின்றார்.

அந்த இடைவெளியில் நான் கோட்டைக்குள் போனேன். கைநூலை ஒரு கையிலும் விரலை வாசலிலும் வைத்துக்கொண்டு.

பதினான்காம் நூற்றாண்டில் குன்றின்மேல் ஒரு காவலரணாகத் தொடங்கியது. கைமாறிக் கைமாறி, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரபு அதை இன்றைய வடிவத்துக்குக் கட்டினார். சுவரெல்லாம் வெள்ளைச் சாந்து. அது அழகுக்கு மட்டுமல்ல, மரக் கட்டடத்துக்கு நெருப்புப் பிடிக்காமல் இருக்கவும்தான். அந்த வெள்ளைக்காக ஊரார் அதை வெண்கொக்கு என்கிறார்கள். கூரை முனைகளில் புலித்தலையும் மீன் உடம்புமாக உருவங்கள். அவையும் நெருப்புக்குக் காவலாம்.

முதல் வாசலில் இருந்து நடுமாடம் நேரே தெரிகிறது. கையை நீட்டினால் தொடலாம் போல. ஆனால் பாதை அங்கே போகாது. வளைந்து, திரும்பி, ஓரிடத்தில் கீழே இறங்கி, ஒருவர் குனிந்து போகும் அளவுக்குச் சிறுத்து, மாடத்துக்கு முதுகைக் காட்டியபடி போகிறது. சுவர் நெடுகச் சதுரம், முக்கோணம், வட்டம் என்று துளைகள்: அம்புக்குச் சில, துவக்குக்குச் சில. மூலைகளில் கல்லைக் கீழே தள்ளும் பொறிக்கதவுகள். வழி தெரியாமல் திரும்பித் திரும்பி நடப்பவனை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு துளை பார்த்துக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை பச்சைக் கோட்டில் நானும் அப்படித்தான் போனேன்.

வெளியே எண்ணினால் ஐந்து அடுக்குக் கூரை. உள்ளே நிலவறை ஒன்றும் ஆறு தளமும். நிலவறையில் இருந்து ஆறாம் தளத்தின் அடிவரைக்கும் போகின்றன, கிழக்கும் மேற்குமாக இரண்டு தூண்கள்.

எங்கள் திருகோணமலைக் கோட்டையை நினைத்தேன். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்தியது. பீரங்கிக்குப் பயந்து பதுங்கிய, தடித்த, தாழ்ந்த சுவர். உள்ளே கோயிலும் புள்ளிமான்களும். ஹிமெஜியை ஒருவரும் முற்றுகையிட்டுப் பிடிக்கவில்லை என்கிறது கைநூல். இரண்டாம் உலகப் போரில் சுற்றிவர நகரம் எரிந்தது. மாடத்தில் விழுந்த ஒரு குண்டு வெடிக்கவில்லை. எங்களுடைய கோட்டையில் இன்றைக்கும் துவக்கோடு ஆட்கள் நிற்கிறார்கள்.

புதன்கிழமை

மார்செல் என் படத்தின்படி தூணை அறுத்து, உத்தரங்கள் செருகும் துளைகளையும் எடுத்துவிட்டார். பதினொரு மணிக்கு நிறுத்திப் பார்த்தோம். மேலே கூரை அமரவில்லை. விரல் நுழையாத, ஆனால் வெளிச்சம் நுழையும் ஓர் இடைவெளி. அளந்தேன். ஏழு மில்லிமீற்றர்.

"தலையில் சீவிவிடலாம்" என்றார் மார்செல்.

"பொறுங்கள்" என்று ஒவ்வொரு தளமாக இறங்கி அளந்தேன். முதலாம் தளத்தில் துளை ஒரு மில்லிமீற்றர் கூடுதல் உயரத்தில் இருந்தது. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் மூன்று. பிறகு ஐந்து, ஆறு, ஏழு. தலையைச் சீவினால் கூரை அமரும், ஒரு தளமும் அமராது.

மார்செல் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் பார்த்தார். அடுத்த சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. "மத்மோசெல், இது நல்ல மரம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பின்னேரம் முழுக்கக் கணக்கைத் திரும்பப் போட்டேன். சரியாகவே வந்தது. பிழையான விடை ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது.

வீட்டுக்கு வந்தபோது யோகண்ணையும் அவருடைய மனைவி வசந்தியக்காவும் ஒரு கடிதத்தை வைத்துப் பிடுங்குப்பட்டுக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து யோகண்ணையின் தமையன் எழுதியது. தன்னுடைய ஆறு பரப்பு வயலைத் தம்பி எடுத்துக்கொண்டு, தம்பியின் ஆறு பரப்பு மேட்டுக்காணியைத் தனக்கு மாற்றி எழுதித் தரட்டாம்.

"ஆறுக்கு ஆறு. இதில என்ன பிழையைக் கண்டனீர்?" என்றார் யோகண்ணை.

"உங்களுக்கு லொறி ஓடத்தான் தெரியும். வயல் அளக்கிற நெல்லுப் பரப்பும் மேட்டுக்காணி அளக்கிற வரகுப் பரப்பும் ஒண்டோ? நெல்லுப் பரப்பு சின்னன் எண்டு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கொண்ணர் உங்கட தலையில மிளகாய் அரைக்கிறார்."

"பரப்பு எண்டாப் பரப்புத்தானே."

"ஓம், அப்பிடியே எழுதிப் போடுங்கோ. பேந்து வேலியில நிண்டு எண்ணுங்கோ."

என் கையில் சோறு இருந்தது. பெயர் ஒன்று, அளவு இரண்டு. யோகண்ணை என் பக்கம் திரும்பி, "என்ன பிள்ளை, நீயும் என்னைத்தான் பிழை எண்டுறியோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. நானும் உங்களை மாதிரித்தான் செய்துபோட்டன்" என்று கையைக் கழுவிவிட்டுக் கைநூலை எடுத்தேன். ஷாகு, ஏறத்தாழ ஓர் அடி. செவ்வாய்க்கிழமை நான் அந்த வரியில் கடைசி இரண்டு சொல்லை மட்டும் வாசித்திருந்தேன்.

பிழை வளர்ந்துகொண்டு போனதற்குக் காரணம் அதுதான். என் அடி ஷாகுவைவிடக் கொஞ்சம் நீளம். உயரம் கூடக் கூட அந்தக் கொஞ்சமும் கூடியது. காரணம் பிடிபட்டது, மரம் மிஞ்சவில்லை. அப்போதுதான் திங்கட்கிழமைத் தாளை எடுத்தேன். துண்டு இரண்டு: படிபோல வெட்டு, பழைய ஒட்டுவேலை. முறிந்த மரம் படிபோல முறியாது. அந்த முனையை யாரோ ஆறுதலாக, உளியால், வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை

உறைமழை பெய்தது. மழையாக இறங்கி, பட்ட இடத்தில் கண்ணாடியாகிவிடும் மழை. மரக்கிளை, தந்திக்கம்பி, நடைபாதை எல்லாம் மினுங்கின. செம்மஞ்சள் கோடு நடுவழியில் நின்றது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. "தண்டவாளம் கூடவா வழுக்குகிறது, அது நிலத்துக்குக் கீழேதானே இருக்கிறது" என்று ஒருவர் கூரையைப் பார்த்துக் கேட்டார். பெட்டி முழுக்கச் சிரித்தது. இருபது நிமிடத்துக்குப் பிறகு எங்களை இறக்கிவிட்டார்கள். மிச்சத் தூரத்தை மதிலைப் பிடித்து, மரத்தைப் பிடித்து நடந்தேன். இரண்டு தடவை விழுந்தேன். மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு விழப் பழகியிருந்தேன். பட்டறைக்கு இரண்டு படவரைஞர் முறிந்தால் தாங்காது.

மார்செலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் இடுப்பு நாடாவைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என் தாத்தாவின் காணி உறுதி பிரெஞ்சு அடியில் எழுதியது. அது ஆங்கில அடியைவிட நீளம். எல்லையைப் பற்றி எங்கள் வீட்டில் முப்பது வருஷம் சண்டை. நான் அந்தச் சண்டைக்குள் பிறந்தவன். நேற்று முன்தினம் உன்னிடம் 'அடிதானே' என்று சொன்னேன்." பிறகு, "தாத்தா என்னைக் கல்லால் அடித்திருப்பார்" என்றார்.

நான் என் திட்டத்தை வைத்தேன். தூணின் அடியில் இரண்டு மில்லிமீற்றர் எடுப்பது. மூன்றாம் தளத்துக்கு மேலே தூணைப் படிக்கோட்டில் அறுத்து, அப்போது நீளும் இரண்டு நாக்குகளின் நுனியிலும் நாலு நாலு மில்லிமீற்றர் எடுத்து, மேல் பாதியைக் கீழே இறக்கிப் பூட்டுவது. நேராக அறுத்தால் மூட்டுக்குப் பிடி இருக்காது. படிபோல அறுத்தால் மரமும் வீணாகாது. அப்படிச் செய்தால் ஒரு தளத்திலும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் பிழை நிற்காது. மிச்சத்தைச் சீவலும் ஆப்பும் பார்த்துக்கொள்ளும்.

"மாடத்தைத் தாங்குவது ஒரே மரம் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள். வெட்டி ஒட்டியதைத் தச்சர் பார்த்தால்?"

"அவருடைய தூணிலும் மூட்டு இருந்தது." உடைந்த துண்டைக் காட்டினேன்.

"இருந்தது என்று நீ நினைக்கிறாய். பிழைத்தால் விறகு." மரம் அறுக்கும் மெல்லிய வாளைக் கையில் எடுத்துவிட்டு நின்றார். "அறுக்க வேண்டிய கோடு நீ கீறு. கோட்டில் உன் பெயரையும் போடு. பிறகு அறுக்கிறேன்."

கோடு கீறினேன். பக்கத்தில் தமிழில் மாலினி என்று எழுதினேன். கோடு கீறுவது எனக்குத் தெரிந்த வேலை.

மார்செல் அந்த வாளால் மெல்ல மெல்ல அறுத்தார். மத்தியானம் ஒன்றரைக்கு மேல் பாதி இறங்கிக் கீழ்ப் பாதியில் உட்கார்ந்தது. ஒவ்வொரு தளமாக உத்தரத்தைச் செருகினோம். ஆறாவது தளத்துக்குப் பிறகு கூரையை இருவரும் தூக்கி வைத்தோம். வெளிச்சம் நுழையவில்லை.

நாலு மணிக்கு ஒகாவா வந்தார். மாதிரியைச் செய்த தச்சர், மெலிந்தவர், ஆங்கிலம் கொஞ்சம். நேரே மேற்குப் பக்கம் போய், குனிந்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். மூட்டில் வெளிச்சம் நின்றது. விரலால் தடவினார். மார்செல் என் பக்கம் பார்க்கவேயில்லை.

"இங்கே மூட்டு என்று யார் சொன்னது?" என்று ஒகாவா கேட்டார்.

"உடைந்த துண்டு சொன்னது. ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் கேட்டேன்" என்று நடந்ததைச் சொன்னேன். அடியையும் சொன்னேன்.

அவர் பையில் இருந்து ஒரு ஷாகு நீள மடிப்பு அளவுகோலை எடுத்து என் அடி அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு முனை ஒட்டி நின்றது. மறு முனையில் ஓர் அரிசியின் தடிப்பு வித்தியாசம்.

பிறகு சொன்னார். உண்மையான கோட்டையை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முழுக்கக் கழற்றித் திரும்பப் பூட்டினார்களாம். மேற்குத் தூண் உக்கிப்போயிருந்தது. மாற்றுவதற்கு ஒரே மரமாக வேண்டும் என்று மலையில் தேடி ஒரு பெரிய சைப்ரஸை வெட்டினார்கள். கொண்டுவரும் வழியில் அது முறிந்துபோனது. பிறகு இன்னொரு மரத்தைத் தேடி இரண்டையும் மூட்டினார்கள். மூன்றாம் தளத்துக்குப் பக்கத்தில்.

"இந்தத் தூணுக்கு அப்படி ஒரு பழக்கம்" என்றார். "வழியில் முறியும்."

மார்செல் பலமாகச் சிரித்தார். நான் மத்தியானச் சாப்பாட்டில் மிச்சம் இருந்த பாண் துண்டுகளையும் சம்பலையும் எடுத்து வைத்தேன். ஒகாவா வெளியே ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை

அறிக்கை எழுதும் நாள். பெட்டிகள், பழுதுகள், திருத்தங்கள் என்று ஒன்பது விடயம். ஐந்தாவதில் இப்படி எழுதினேன்: 'வரைபடத்தின் அலகு ஷாகு. படவரைஞர் அதை அடி என்று எடுத்ததால் தூண் ஏழு மில்லிமீற்றர் நீளமாக வெட்டப்பட்டது. மூன்றாம் தளத்துக்கு மேலே மூட்டுப் போட்டுத் திருத்தப்பட்டது.'

மார்செல் என் தோளுக்கு மேலால் வாசித்தார். "ஐந்தாவதை எடுத்துவிடு. தூண் நிற்கிறது. இதை ஒருவரும் எழுதமாட்டார்கள். மதாம் வேலை தருவது பிழை விடாதவர்களுக்கு."

"இந்த மாதிரி இங்கே முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும். அங்கே திறப்பவருக்கும் அதே கைநூல்தான் கொடுப்பார்கள்."

"அது அவருடைய பாடு."

"அவரும் அடி படித்தவராக இருப்பார்" என்றேன். ஐந்தாவது அப்படியே இருந்தது.

மதாம் லுசியேர் நின்றபடி வாசித்தார். ஐந்தாவதில் விரல் நின்றது. "படவரைஞர் என்பது நீதானே?"

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, "உய்" என்று பிரெஞ்சில் திருத்தினேன்.

மாதிரியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கூரையைக் கையால் அழுத்திப் பார்த்தார். "முன்பு இருந்த படவரைஞர் பதினொரு வருஷம் வேலை செய்தார். அவருடைய அறிக்கை ஒன்றிலும் ஒரு பிழையும் இருந்ததில்லை" என்றார். பிறகு பேனாவை எடுத்து அறிக்கையில் கையெழுத்திட்டார். "மாதிரிகளில் இருந்தன."

இன்றைய நிலைமை: மேற்குத் தூண் நிற்கிறது. ஐந்தாவது விடயத்தின் பிரதி ஒன்று ஏழாவது பெட்டியின் மூடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. யோகண்ணை தமையனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. எனக்கு வரைபடப் பிரிவில் மூன்று மாதத் தற்காலிக வேலை. அகதி விண்ணப்ப விசாரணைக்குத் திகதி வரவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலை. தாளில் திசையும் எழுதியிருக்கிறேன்.